இரவல் வாங்கிய பிள்ளை வளர்ப்புப் புத்தகம்

அந்த வாரம் தொலைக்காட்சியில் வந்த மலாய் நகைச்சுவை நாடகத்தில், வீட்டுக்காரர் ஆட்டம் காணும் அலமாரியை நிமிர்த்தப் போய், அதன் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தார். கல்யாணத்துக்கு முன்பு நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகம். திருப்பிக் கொடுக்க மறந்தே போயிருந்தார். மனைவியை அனுப்பினார். அவள் நூலக வாசல்வரை போய்ப் பயந்து, மீன் வாங்கிக்கொண்டு திரும்பினாள். மகனை அனுப்பினார். அவன் வேண்டுமென்றே அதைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வர, கண்டக்டர் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் பார்த்தால், மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாதான் நூலகத்து அதிகாரி. அவசரத்தில் புத்தகத்தை நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒளித்தார்கள். அந்த அம்மாள் நேராக வந்து அதன் மேல்தான் உட்கார்ந்தார்.

என் மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். பிள்ளை போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அன்றுதான் கேட்டேன். சிரிப்பு வருகிற இடம் எனக்கும் தெரிந்தது. ஆனால் யாரோ பக்கத்து வீட்டில் சிரிப்பதைப்போல அது காதில் விழுந்துகொண்டிருந்தது.

"நம்ம வீட்லயும் ஒண்ணு திருப்பிக் குடுக்காம கெடக்கு லா," என்றார் என் கணவர் சிரிப்போடு.

சொன்ன பிறகுதான் எந்தப் புத்தகம் என்று அவருக்கு உறைத்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தொலைக்காட்சியில் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரவாங்கில் வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் தவறிவிட்டார். அதன் பிறகு மாமியார் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு வந்துவிட்டார். என் கணவருக்கு சுங்கை சோ பக்கம் ஓடு செய்யும் கம்பெனியில் வேலை. எனக்கு ரேடியோ சாமான் செய்யும் கம்பெனியில், பூதக்கண்ணாடிக்கு அடியில் முடியளவு கம்பிகளை ஒட்டும் வேலை.

மாசமாக இருந்தபோது ஒருநாள் மழைக்கு ஒதுங்கித்தான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த நூலகத்துக்குள் போனேன். அங்கே வேலை பார்த்த மலாய்க்கார அம்மாள் என் வயிற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், பிள்ளை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் படம். பிள்ளையின் தலையை எப்படிப் பிடிப்பது, காதில் தண்ணீர் போகாமல் எப்படிக் குளிப்பாட்டுவது என்றெல்லாம் போட்டிருந்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எட்டாம் மாதத்தில் வயிற்றில் அசைவு நின்றது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். பெண் பிள்ளை என்று நர்ஸ் சொன்னாள். பார்க்கிறாயா என்று யாராவது கேட்டார்களா என்பது எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். என் கணவரும் அவருடைய சித்தப்பாவும் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பால் கட்டிக்கொண்டது. மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிவிட்டார்.

"ரொம்ப இறுக்கமா இருக்கா?"

"இல்ல அத்த."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பத்தியச் சாப்பாட்டை ஒருநாள் விடாமல் செய்து வைத்தார். நானும் சாப்பிட்டேன். உடம்பு தேறியதும் வேலைக்குப் போனேன். பூதக்கண்ணாடிக்கு அடியில் இருப்பதைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. அது வசதியாக இருந்தது. புத்தகம் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் போய்விட்டது. மாதக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை.

நாடகம் பார்த்த மறுநாள், "நான் கொண்டு போய்க் குடுத்துட்டு வரேன், எங்க இருக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

"வேணாம். நானே போறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. சனிக்கிழமை போனேன். அதே அம்மாள்தான் மேசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீயா! ஆளையே காணோமேன்னு நெனச்சேன். பெத்தாச்சா? ஆணா, பொண்ணா?" என்று மலாயில் கேட்டார்.

"பொண்ணு."

"ராத்திரி தூங்குதா? என் மூத்தவ என்னைக் கண்ணை மூடவே விடல."

"தூங்குது."

"அழுமா?"

"அழாது."

"குடுத்து வச்சவ நீ!" என்றவர், தவணைத் தாளைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். "பச்சப்புள்ளக்காரிக்கு அபராதமெல்லாம் கெடையாது. போ, பிள்ளை தேடும்."

பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலும் சரியாகத்தான் இருந்தது. படி இறங்கி வந்து, பஸ் நிலையத்தில் ஒரு தேநீர் வாங்கிக் குடித்தேன். சூடாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டில் அவர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அபராதம் போட்டாங்களா?"

"இல்ல. பிள்ளக்காரிக்குக் கெடையாதாம்."

அவர் என்னைப் பார்த்தார். நனைந்த துணியைப் பிழிந்தார். மறுபடியும் சக்கரத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

சில வாரம் கழித்து, சம்பளம் வாங்கிய வாரத்தில் இருவருமாகப் பாசார் மாலாமுக்குப் போனோம். வாரம் ஒருநாள் சாயங்காலத்தில் தெருவோரமாகக் கூடுகிற சந்தை அது. கீரைக்காரியிடம் நின்றுகொண்டிருந்தபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். நூலகத்து அம்மாள்.

"பிள்ளை எங்கே? கூட்டிட்டு வரலையா?"

என் கையில் கீரைக்கட்டு இருந்தது. வாயைத் திறந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. எங்கே என்று எனக்கே தெரியாது.

"எங்க அப்பாகிட்ட இருக்கு," என்றார் என் கணவர்.

அவருடைய மலாய் எப்போதும் வேகமாக இருக்கும். அன்று ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"எந்த ஊர்ல?"

"கோலா சிலாங்கூர் பக்கம். தோட்டத்துல."

"தாத்தாகிட்டயா? அப்ப ஒரு கவலையும் இல்ல." அந்த அம்மாள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார்.

நான் கீரைக்குக் காசு கொடுத்தேன். மீதி வாங்கினேன். மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தோம். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் நின்றார்.

"மாமாகிட்டயா?" என்று கேட்டேன்.

"ம்."

"பக்கத்துலயேவா?"

"ஒட்டியேதான். தனியா வைக்க மனசு வரல." சாவியைப் பார்த்துக்கொண்டே, "நீ கேப்ப கேப்பன்னு இருந்தேன்," என்றார்.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்" என்று நான் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உண்மையில் நான் அப்படி இருக்கவில்லை. எதற்கும் காத்திருக்கவில்லை. "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். எங்கே போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அவரே வந்து, "தோட்டத்துல மாட்டுக்காரர் வீட்ல பசும்பால் கெடைக்கும். வாங்கிட்டுப் போங்க," என்றார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

பத்தாங் பெர்ஜுந்தையில் பஸ் மாறினோம். தோட்டத்து முனையில் இறங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தோம். அவர் பாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். மாமனாருக்குச் சிமெண்டில் சமாதி கட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் மண் ஏறக்குறையச் சமமாகிவிட்டிருந்தது. தலைமாட்டில் ஒரு செங்கல். அவர் காட்டியிருக்காவிட்டால் மிதித்திருப்பேன்.

அவர் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினார். நானும் பிடுங்கினேன். பிறகு பாலை ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்துப் பெரிய கைக்குட்டை ஒன்று கொண்டு வந்திருந்தார். அதை அவர்தான் பயன்படுத்தினார். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிவிட்டது, இவருக்குத் தலை வலிக்குமே என்று நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸுக்காக நிழலில் நின்றோம்.

"முடி இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"நெறைய. ஈரமா நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"யாரு சாயல்?"

"அப்படிச் சொல்லத் தெரியல. சின்ன முகம் லா. மூக்கு மட்டும் உன்னோடது."

பஸ்ஸில் கூட்டம். சேர்ந்து உட்கார இடம் கிடைக்கவில்லை. அவர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, கொஞ்ச தூரத்திலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். ரவாங் வந்ததும் நான்தான் போய் எழுப்பினேன்.