கறுப்பு டயல்

துபாயில் விலை உயர்ந்த வாட்ச் வாங்கப் போனால் உட்கார வைத்துக் காபி கொடுக்கிறார்கள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அதை எடுத்து வருகிறார்கள். கிரேன் ஓட்டுகிற எனக்கு அங்கே வேலையே இல்லை. தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளைக்காகப் போனேன். நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் கடலூர் முதுநகர்க் கடையில் கிடைப்பது போதும். அண்ணன் துபாயில் என்றதும் வழக்கத்துக்கும் கொழுப்பு ஏறிவிட்டது. "கடலுக்கடியில போறவங்க கட்டுற மாடல் மச்சான். கலரு உங்க இஷ்டம்" என்று போனில் சொன்னார் சிதம்பரத்து மாப்பிள்ளை.

கடைப் பெண் பிலிப்பைன்ஸ்காரி. "எவ்வளவு ஆழம் போவார்?" என்று கேட்டாள். "நீச்சலே தெரியாது, பேங்க்கில் வேலை" என்றேன். இனிமேல் கற்றுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, "அப்படியானால் கறுப்பு டயல்தான் நல்லது, தண்ணீருக்குள் முள் பளிச்சென்று தெரியும்" என்றாள். இத்தனை வருடம் இங்கே இருந்ததில் எனக்கும் அது கறுப்பாகப் படவில்லை. அழகாகத்தான் பட்டது.

கடலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்தேன். மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளித்தார்.

"என்னா தம்பி இது, நல்ல காரியத்துக்குக் கறுப்ப கொண்டாந்து நீட்டுறீங்க?"

"வாசல்ல நிக்குதே உங்க காரு, அது என்னா கலரும்மா?"

அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். கலர் என் இஷ்டம் என்ற மாப்பிள்ளை போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"வேற மாத்தி எடுத்தாங்க. அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்று அந்தம்மா சொல்ல, எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

மாற்றுவதற்காகத் திரும்பக் கொண்டுபோனபோது, துபாய்க் கடையில் அந்தப் பெண் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில் என்ன பழுது?" என்றாள். அவளுக்கு எதைச் சொல்ல? நீல டயல் வேண்டுமென்றால் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். சிதம்பரத்துக்காரர்கள் காத்திருக்கவில்லை. வேறு இடத்தில் தட்டு மாற்றிக்கொண்டார்கள். எங்கள் தெருவிலோ, பெண்ணுக்கு ராசி இல்லையாம். வாங்கியது நான், பழி அவளுக்கு. இதற்கு என் வாயில் வருவதை எழுதினால் அச்சில் போடமாட்டார்கள்.

தங்கை போனில் அழவில்லை. "அத வித்துடாதண்ணா. நீயே கட்டிக்க. எவனாச்சும் கேட்டா, இதுக்குத்தான் என் தங்கச்சிய வாணாம்னுட்டாங்கன்னு சொல்லு."

கட்டியிருக்கிறேன். இங்கே சூப்பர்வைசர்கூட நின்று பார்க்கிறான். ஊருக்குப் போகும்போது, அம்மா கண்ணில் படக்கூடாதென்று விமானத்திலேயே கழற்றிப் பையில் போடுகிறேன். கை அசைந்தால்தான் ஓடுகிற வகை அது. பைக்குள் கிடந்து நின்றுபோகும். லீவு முடிந்து துபாயில் இறங்கியதும் இந்த ஊர் நேரம் வைத்துக் கட்டிக்கொள்கிறேன். கடலூர் நேரத்தை அது ஒரு நாளும் காட்டியதில்லை.