முகம் பார்க்காத வேலை

முகத்தை மாற்றுகிற கதைகளை எழுதுகிறவர்கள் யாரையும் தொட்டுப் பார்த்தது கிடையாது. இதை நான் சொல்லலாம். எனக்குத் தொடுவதுதான் வேலை.

மைசூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி கேட்டில் பெண்களைச் சோதனை போடுகிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் உள்ளே போகிறவளிடம் போன் இருக்கக் கூடாது. சாயங்காலம் வெளியே வருகிறவளிடம் துணி இருக்கக் கூடாது. ஒரு ஆளுக்கு ஐந்து நொடி. தோள், கக்கம், இடுப்பு, முதுகு. அடுத்த ஆள். முகத்தைப் பார்க்க நேரம் இல்லை. பார்த்தால் அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். தலையைக் குனிந்துகொண்டே செய்வேன். யார் என்று கைக்குத் தெரியும்.

வீட்டில் என் நாத்தனார் எங்களோடு இருக்கிறாள். ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். நான் சொல்லப்போகிறது நடந்த வருடம் ஒரு சீரியல் ஓடியது. கதாநாயகியை மலையிலிருந்து தள்ளிவிட்டார்கள். நடித்த பெண் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாளாம். அதற்காகக் கதையை நிறுத்த முடியுமா. ஒரு டாக்டரைக் கூட்டி வந்து முகத்தை மாற்றினார்கள். முகத்தில் போட்ட கட்டைச் சுற்றிச் சுற்றி ஒரு வாரம் பிரித்தார்கள். உள்ளே வேறு நடிகை. கண்மை, லிப்ஸ்டிக் எல்லாம் போட்டபடியே.

"முன்ன இருந்தவ குட்டை. இவ அரை அடி ஒசரமா இருக்கா. காலையும் ஆபரேசன் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சும்மா இருங்க அண்ணி."

"கொரலு?"

"கதைன்னா கதையாப் பாக்கணும். பிடிக்கலைன்னா உள்ள போய்க் காய் நறுக்குங்க."

போய் நறுக்கினேன். எனக்கு டாக்டர் மேல் கோபம் இல்லை. அந்தப் புருசன் மேல்தான். பத்து வருடம் கூடக் குடும்பம் நடத்தியவன். அவள் எதிரில் வந்து நிற்கிறாள். காபி கொடுக்கிறாள். விரல் படுகிறது. "நீங்க யாரு?" என்று கேட்கிறான். கண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத ஜென்மம். கம்பெனியில் மதியச் சாப்பாட்டில் பெண்கள் அவனுக்காகவும் அழுதார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்கள்.

எங்கள் கம்பெனியில் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற கௌதள்ளி ஊர்ப் பெண் ஒருத்தி காலர் தைக்கிறாள். புருசனுக்கு இங்கே கட்டட வேலை. நான் இடுப்பைத் தொட்டால் நெளிவாள். எப்போதும் வலது பக்கமாக.

"அய்யோ அக்கா, கூசுதுங்க. அப்பிடி என்னத்தத் தேடறீங்க? எம்பட எலும்பத் தவிர ஒண்ணுமில்லீங்க."

"பேசாம நில்லு."

நாலரை வருடமாக எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான். எலும்பு என்று அவள் சொன்னதும் சரிதான். இடது பக்கம் கழுத்துக்குக் கீழே உள்ள எலும்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. எப்போதோ உடைந்து, அப்படியே கூடியிருக்க வேண்டும். கட்டை விரலில் தட்டும்.

ஒரு நாள் காலையில் அவள் வீட்டில் குக்கர் வெடித்தது. கொதிக்கிற பருப்பு முகத்தில். கையை வைத்து மறைத்தாள், அதனால் கையும் வெந்தது. கண் தப்பியது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தாள். தொடையில் தோல் எடுத்துக் கன்னத்தில் வைத்தார்கள் என்று அவளோடு ஒரே வரிசையில் தைக்கிற லைன் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

நாத்தனாரிடம் சொன்னேன்.

"பிளாஸ்டிக் சர்ஜரியா? அப்ப முன்னைக்கு இப்ப அழகா ஆயிருப்பாளே!" என்றாள்.

எழுந்து போய்க் குக்கரை இறக்கி வைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். கேட்டில் வருகைப் பதிவுக்கு முகம் பார்க்கிற மெஷின் இருக்கிறது. அதன் முன்னால் நின்று துப்பட்டாவை இறக்கினாள். சிவப்பு லைட். இன்னொரு தடவை. சிவப்பு. விரலை வைத்தாள். அதற்கும் சிவப்பு. வெந்த விரலில் ரேகை சரியாக இல்லை. பின்னால் இருந்த வரிசை "பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக் கத்தியது. அவளை ஓரமாக நிறுத்தினேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். தோல் மினுமினுவென்று இருந்தது. வலது கண் ஓரம் இழுத்திருந்தது. கீழ் உதடு கொஞ்சம் இறங்கியிருந்தது. அவ்வளவுதான். முகம்தான் அது.

எச்.ஆர். வந்தார். சின்ன வயசு. கன்னடத்தில்தான் பேசுவார், எங்களுக்கும் அது பழக்கம். ஆஸ்பத்திரி சீட்டு, கம்பெனி கார்டு, ஆதார் எல்லாம் வாங்கிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பேப்பர் அவளோடதுதான். ஆள் அவதானான்னுதான் கேள்வி. போன வருசம் இவ தங்கச்சின்னு ஒருத்தி வேலை கேட்டு வந்தாளே. இடம் இல்லைன்னு அனுப்பினோம். இது அவ இல்லைன்னு எப்படி நம்பறது?"

"ஏனுங்க சார், தங்கச்சி மொகத்தையும் வேக வெச்சுக் கூட்டியாந்தனுங்களா?" என்றாள் அவள்.

எச்.ஆர். சிரிக்கவில்லை. "ஒருத்தி பேர்ல இன்னொருத்தி வர்றது, முகம் மாத்திக்கிட்டு வர்றது, எல்லாம் நடக்கும். பாத்திருக்கோம்."

"எங்க பாத்தீங்க சார்?" என்று நான் கேட்டேன்.

ஆதாரை மறுபடியும் புரட்டினார். எங்கே பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டிலும் ஏழு மணி வரும் அல்லவா.

அவளுடைய லைனிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ மாதிரிதான் இருக்கு சார். ஆனா சொல்ல முடியலை" என்றாள். இன்னொருத்தி பார்க்கவே இல்லை. டிவியில் கட்டுப் பிரித்ததற்கு ஒரு வாரம் அழுதவர்கள் இவர்கள். இங்கே ஒரு முகத்தை அரை நிமிடம் பார்க்கத் தைரியம் இல்லை. தூ என்றிருந்தது.

எச்.ஆர். ஒரு வழி சொன்னார். "புதுசா சேந்துக்கோ. இன்னைக்கே எடுத்துக்கறேன். புது நம்பர், புது முகம். பிரச்சினை முடிஞ்சுது."

முடியாது. புதிதாகச் சேர்ந்தால் வேலை தெரியாதவள் என்று துணி மடிக்கப் போடுவார்கள். நாலரை வருடம் தைத்தது ஒன்றுமில்லாமல் போகும். அவளுக்கு அது தெரியும்.

"நான் செத்தா போனேன், புதுசாப் பொறக்கறதுக்கு? எம்பட நம்பரு வேணுங்க. எம்பட மெஷினு வேணுங்க" என்றாள். கிண்டல் இல்லாமல் பேசினாள். அன்றைக்கு முதல் தடவையாக.

"கையைத் தூக்கு" என்றேன்.

தூக்கினாள். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். தோள். எலும்பு முடிச்சு கட்டை விரலில் தட்டியது. கக்கம். இடுப்பைத் தொட்டேன். வலது பக்கம் நெளிந்தாள்.

"அய்யோ அக்கா, கூசுதுங்க."

"இவதான் சார்."

"அது எப்படிம்மா அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"நாலரை வருசமா தினம் ரெண்டு தடவை தொட்டிருக்கேன். நீங்க எத்தனை தடவை இவ மூஞ்சியப் பாத்திருப்பீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. "எழுதிக் குடுப்பீங்களா? நாளைக்கு வேற ஆளுன்னு தெரிஞ்சா உங்க வேலையும் போகும்."

பேப்பர் கொண்டுவரச் சொன்னேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். கன்னடம் பேசுவேன், எழுத வராது. தமிழில் எழுதினேன். "இவள் அவள்தான். தொட்டுப் பார்த்தேன்." கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"என்னம்மா இது? என்ன எழுதியிருக்கீங்க?"

"ஃபைல்ல போட்டு வைங்க சார். படிக்கத் தெரிஞ்சவங்க படிப்பாங்க."

ஃபைலில் போட்டார். வேறு என்ன செய்வார். மெஷினில் அவளுடைய பழைய நம்பருக்குப் புதிதாக முகம் பிடித்தார்கள். இரண்டு தடவை தவறியது, மூன்றாவது தடவை பச்சை லைட் வந்தது. மெஷினுக்கு முகம்தான் தெரியும். அது மெஷின், அதைக் குறை சொல்ல முடியாது.

உள்ளே போகும்போது என் பக்கம் குனிந்தாள். "அக்கா, கன்னத்துல இருக்கறது தொடைத் தோலுங்க. எம்பட வூட்டுக்காரர்கிட்டச் சொல்லிப்போட்டேன், இனிக் கன்னத்தக் கொஞ்சினாலும் ஒண்ணுதான், தொடையக் கொஞ்சினாலும் ஒண்ணுதான்னு."

"போடி உள்ள" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். சீரியலில் புருசன் பெண்டாட்டியைக் கண்டுபிடித்துவிட்டான். கோயிலில் அவள் ஒரு பாட்டுப் பாடினாளாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். பின்னால் மணி அடிக்கிறது, பூ விழுகிறது.

"கண்டுபிடிச்சிட்டான் அண்ணி!"

"எத்தனை நாள் ஆச்சு அவனுக்கு?"

"நாலு மாசம். பாவம், எவ்வளவு தவிச்சிருப்பான்!"

"எனக்கு அஞ்சு நொடி."

"என்னது அஞ்சு நொடி?"

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் இடையில் வந்த விளம்பரம் முடிந்து மறுபடியும் அவன் வந்தான். அவள் டிவி பக்கம் திரும்பிவிட்டாள். நான் காய் நறுக்கப் போனேன்.