செல்வின் சுருக்கி எடுத்துவந்த விண்டோஸ் செவன்

ஒரு பொய் சொல்லத்தான் கணினி பழுதுபார்க்கும் செல்வினுக்குப் போன் செய்தேன். "நைனா, பொட்டி மறுபடியும் படுத்துடுச்சு" என்று ஆரம்பித்ததும், மறுமுனையில் அவர் மனைவி ஸ்டெல்லா, "அண்ணே, அவரு காலைல போய்ட்டாருண்ணே" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். அப்படிப்பட்ட அறிவாளி நான்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கணினி வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை நுழைத்து எர்ணாவூரில் என் வீட்டுக்கு வந்து சேருவார். எந்த அலுவலகத்தில் யார் வேலை நேரத்தில் கணினியில் சீட்டு ஆடுகிறார்கள் என்ற செய்தியும் கூடவே வரும். பெயரை மட்டும் சொல்லமாட்டார். "தொழில் தர்மம் மாமு" என்பார். பிறகு அந்த ஆளின் மீசை, வழுக்கை, வண்டி நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

என் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் கிழடு. விண்டோஸ் செவனைத் தவிர வேறெதிலும் ஓடாது. அந்த செவனை, பின்னாளில் வந்த புது முறையில் இறுக்கிச் சுருக்கி, ஒரு சின்ன பென்டிரைவில் செல்வின் வைத்திருந்தார். ஒருமுறை என் மேதாவித்தனத்தைக் காட்ட, அந்தக் கோப்பை செவனின் பழைய இன்ஸ்டாலரோடு சேர்த்து நானே நிறுவப் பார்த்தேன். பாதியில் நின்றது. செல்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா மாமு, இந்த மாதிரி கட்டுன மூட்டை அந்தக் காலத்துல ஏது? பழசுக்கு அவுக்கத் தெரியாது. விண்டோஸ் டென்னோட இன்ஸ்டாலரை வுடு, அது அவுக்கும். உள்ள வந்து குந்தப்போறது செவன்தான்."

மூட்டை அவிழ ஒன்றரை மணி நேரம் ஆகும். திரையில் சதவீதம் நூறைத் தொடும் வரை வறுத்த கடம்பா மீனைத் தின்றபடி ஊர்வம்பு பேசுவோம். "ஏன்யா இவ்ளோ நேரம்?" என்றால், "இறுக்கிக் கட்டிகீது, நேரம் புடிக்காதா? குந்து மாமு" என்பார்.

இங்கே ஒரு வாக்குமூலம். மனைவி இறந்த பிறகு என் வீட்டில் பேசுவது டிவியும் பிரஷர் குக்கரும்தான். ஆகவே, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விண்டோஸின் முக்கியமான கோப்பு எதையாவது நானே அழித்துவிட்டு, "வைரஸ்" என்று அவரைக் கூப்பிடுவேன். வேலை மிகுந்த மனிதரை ஏமாற்றுகிறோமே என்று ஒவ்வொரு முறையும் உறுத்தும். அடுத்த முறையும் கூப்பிடுவேன்.

செல்வினை அடக்கம் செய்த அடுத்த வாரம் ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னை முடிக்கவே விடவில்லை.

"அவருக்குத் தெரியும்ணே. 'மாமு பொட்டியை மாமுவே கெடுத்துக்குது'ன்னு சிரிப்பாரு. மத்த எடத்துல வேற ஏதோ சுருக்காத பெரிய பைல் போட்டு இருபது நிமிசத்துல முடிச்சுடுவாரு. உங்க வூட்டுக்கு மட்டும்தான் இத்த எட்துகினு போவாரு" என்று அந்தச் சின்ன பென்டிரைவை என் கையில் வைத்தார். "'சீக்கிரம் முடிஞ்சா கெளம்பணுமே'ன்னு சொல்வாரு."

வீட்டுக்கு வந்து, கடைசியாக நான் கெடுத்துவைத்திருந்த கணினியில் நானே செவனை நிறுவினேன். எதிர் நாற்காலியில் ஆள் இல்லாத ஒன்றரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் சொல்வது பொய் என்று தெரிந்தே பைக்கைக் கிளப்பிய அந்த மனசுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. கணினியோ அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.