மொட்டைத் தலையோடு போட்ட கையெழுத்து

அங்காளம்மாவின் பிள்ளைகளே, போன ஆடியில் நான் நடுங்கிய நடுக்கம் உங்களில் யாருக்கும் வரக்கூடாது.

வீடு மூலக்குளத்தில். தையல் வேலை. ஆனி மாதம் என் இடது மார்பில் இருந்த புற்றுக்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். விட்டது சனியன் என்றிருந்தேன். ஆடி பிறந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அக்குளுக்குப் பரவல. ஆனா கீமோ வேணுமா வேணாமான்னு உறுதியா சொல்ல முடியல. எடுத்த கட்டியோட ஜீனை டெஸ்ட் பண்ணா, திரும்பி வர்ற ஆபத்து எவ்ளோன்னு தெரியும். யோசிச்சி சொல்லுங்க."

என்னத்தை யோசிப்பது? கை கால் ஓடவில்லை. ஆபத்து அதிகம் என்று வந்துவிட்டால், அதைத் தெரிந்துகொண்டு எப்படிச் சோறு இறங்கும்? டெஸ்ட் வேண்டாமென்றால், எதற்கும் இருக்கட்டுமென்று கீமோவே கொடுத்துவிடுவார்களோ? கண்ணாடியைப் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் பின்னல். ஐயோ, இதுவும் போய்விடுமே!

வெள்ளிக்கிழமை அங்காளம்மா கோயிலுக்குப் போய் அவள் முன்னால் நின்று அழுதேன். "தாயே, கீமோ வேணாம்னு வரட்டும். என் முடியை உனக்கு எறக்கறேன்."

வெளியே நின்ற கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்.

"ஏண்டி, கீமோ வந்தா முடி போயிடும்னுதான பயந்த? இப்ப வராட்டியும் போயிடுமே!"

அழுகையோடு சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் எனக்கே உறைத்தது. முடிக்காகவா இத்தனை பயம்? சாவுக்குத்தான் பயந்தேன். என் பெண்ணை விட்டுப் போய்விடுவேனோ என்று பயந்தேன். அதை அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

திரும்ப உள்ளே போனேன். "சாவறதுக்கு பயமா இருக்கு தாயே. இனிமே பேரம் பேசல. எது வந்தாலும் காது குடுத்துக் கேக்கத் தெம்பு குடு." முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே முடியை இறக்கினேன்.

என் மொட்டையைப் பார்த்து டாக்டரம்மா, "நான் இன்னும் கீமோவே எழுதலயேம்மா!" என்றார். டெஸ்டுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். ஒரே மூச்சில் போட்டேன்.

முடிவு வரும்வரை பயம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சோறு இறங்கியது, தையல் மெஷினும் ஓடியது.

ஆபத்து குறைவு, கீமோ வேண்டாம், மாத்திரை போதும் என்று வந்தது. தாயே, கோடி கும்பிடு! ஆனால் வேறு மாதிரி வந்திருந்தாலும் உங்கள் முன்னால் நின்று இதையேதான் சொல்லியிருப்பேன். நான் கேட்ட தெம்பைக் கொடுத்து அவள் எனக்குப் பதில் சொன்னது அந்தக் கையெழுத்திலேயே.

உங்களுக்கும் இப்படியொரு கேள்வி வந்தால், டாக்டரிடம் எல்லாவற்றையும் கேளுங்கள். பதிலைக் கேட்கிற தெம்பை அவளிடம் கேளுங்கள், கொடுப்பாள்.

முடி இப்போது காது வரைக்கும் வளர்ந்துவிட்டது. செக்கப் என்றால் இன்னமும் பயம்தான். தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டு வருகிறேன்.