பச்சை நைட்டிக்காரியும் என் ரெட்டைப் பின்னலும்

சிறுவயதில் நான் வயிறெரிந்து பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தி மேல்தான். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். எனக்கு ஒன்பது.

திருவொற்றியூரில் மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த காலம். தம்பி பிறந்த மூன்றாம் நாளே இறந்துபோனதில், அம்மா ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பக்கத்து வீட்டு அக்காதான் அவளை விடாப்பிடியாக எழுப்பி, ராயபுரத்தில் ஓர் இல்லத்துக்குக் கூட்டிப்போனாள். மனநிலை பாதித்து, யாருமில்லாமல் போன பெண்கள் அங்கே இருந்தார்கள். ஞாயிறுதோறும் அவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரிவிட வேண்டும். சம்பளமெல்லாம் கிடையாது.

அம்மா தேறிவிட்டாள். திரும்பி வரும்போது நெத்திலி வாங்கி வருவாள். குழம்பு கொதிக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுப்பாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் பேச்செல்லாம் அங்கிருந்த பச்சை நைட்டிக்காரி ஒருத்தியைப் பற்றித்தான்.

"என்னிய அம்மான்னு கூப்புடுதுடி. சீப்ப எடுத்தாலே கொழந்த மாரி வந்து ஒக்காந்துக்குது."

அம்மாவைவிட மூத்தவளுக்கு என் அம்மா எதற்கு? பள்ளிக்கூட நாளில் என் தலைக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம், வெடுக் வெடுக்கென்று இழுத்து ரெட்டைப் பின்னல். அவளுக்கோ அரைமணி நேரம்! எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்குப் பேன் தொற்றியது. வகுப்பில் என் பெஞ்சுக்காரியிடமிருந்து வந்ததென்று எனக்கு நன்றாகவே தெரியும். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் அப்பா, நான் சொறிவதைப் பார்த்து விசாரித்தார். "அம்மா போற ஹோம்லேர்ந்துதான்ப்பா" என்றேன். நாக்கு கூசவே இல்லை.

"இன்னாமே, ஊர்ப் பேனெல்லாம் வூட்டுக்குக் கொண்டாந்துகினு கீற? இனிமே அங்க போவாத" என்றார் அப்பா. அம்மா அதோடு போவதை நிறுத்திவிட்டாள். தன்னால்தான் எனக்கு வந்ததென்று அவளே நம்பிவிட்டாள்.

ஜெயித்துவிட்டேன். ஞாயிறு முழுதும் இனி அம்மா எனக்குத்தான். பேன்சீப்போடு என்னை முன்னால் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் மெதுவாக வாரினாள். வாரி முடித்ததும் போய், பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் அப்படியே.

மூன்றாவது ஞாயிறு, பாதியில் சீப்பு நின்றுவிட்டது. கழுத்தில் சூடாக ஏதோ சொட்டியது. திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். சிக்கு இழுத்து எனக்கு வலிக்குமே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன்.

"வலிக்கலம்மா, நீ வாரு" என்றேன், பெருந்தன்மையாக.