இரண்டு மூக்குத்திகள்

2006ஆம் வருடக் காலண்டர்கள் அச்சில் ஓடிக்கொண்டிருந்த சீசன். சிவகாசி அச்சகம் ஒன்றில், படங்களில் வண்ணங்கள் விலகாமல் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. வயது இருபத்து நான்கு. துபாயில் வேலை கிடைத்து, விசாவும் வந்திருந்தது.

இரண்டு வாரமாக லட்சுமி படம் எனக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது.

“கலர் விலகுதுண்ணே, மிஷினை நிறுத்துங்க.”

“எங்கனலே விலகுது? லென்ஸ வச்சுப் பாரு” என்றார் மிஷின் ஓட்டும் மாரியப்பன் அண்ணன்.

லென்ஸை ஒரு கண்ணில் வைத்தேன், சரியாக இருந்தது. எடுத்தேன், மறுபடி இரண்டு மூக்குத்திகள்.

“துபாய்க்காரருக்கு ஒரு லட்சுமி பத்தலையோ?” என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். “ஏலே, ஒரு கண்ண மூடு.”

மூடினேன். ஒரே லட்சுமி.

“கோளாறு மிஷின்ல இல்லலே. கெளம்பு, டாக்டரப் பாப்போம்.”

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. அறுவை சிகிச்சையில் பிழைத்தேன், விசா காலாவதியானது.

இப்போதும் அதே வேலைதான். தினமும் காலையில் சுவர்க் காலண்டரின் தேதியை ஒவ்வொரு கண்ணாலும், பிறகு இரண்டாலும் பார்க்கிறேன். ஒன்றாகத் தெரிந்தால் வேலைக்குக் கிளம்புகிறேன்.

களைத்த மாலைகளில் தெருவிளக்குகள் இரண்டாகும். அது இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்போது நானும் துபாயில் ஒருவன், இங்கே ஒருவன் என்று இரண்டாகிவிடுகிறேன். மெல்ல ஒரு கண்ணை மூடுகிறேன். இங்கே இருப்பவன் மிஞ்சுகிறான்.