துணித்திரைக்கு உள்ளே நிற்பவள்

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். கரப்பான் பூச்சியைப் பார்த்து வராது, மனிதர்களைப் பார்த்துத்தான் வரும். மால் வாசலில் பைகளை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்காருவது என் வேலை. ஊரார் பைக்குள் இருக்கும் அழுக்கு எனக்குப் பழகிவிட்டது. வாய்க்குள் இருப்பதுதான் இன்னும் பழகவில்லை.

எனக்குப் பக்கத்தில் துணித்திரை போட்ட ஒரு கூண்டு உண்டு. பெண்களைச் சோதித்து அனுப்புகிற இடம். அதில் நிற்பவள் கிச்சு அக்கா. அவள் கை பட்டால் பாதிப் பேர் கூசிச் சிரிப்பார்கள் என்பதால் வந்த பேர். அந்தக் கூண்டில் நிற்பதில் அவளுக்குப் பெருமை. சின்னப் பெண்கள்கூடப் பயப்படாமல் கையைத் தூக்குவார்கள்.

அக்காவுக்கு மோவாயில் முடி உண்டு. மாதக்கணக்கில் தீட்டு வராது, வந்தால் நிற்காது. உடம்பு வேறு ஏறிக்கொண்டே போனது. உடனே ஊரே வைத்தியராகிவிட்டது. ஒருத்தி மஞ்சள் பூசச் சொன்னாள், ஒருத்தி பட்டினி கிடக்கச் சொன்னாள். கட்டிக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுடைய சித்தி சொன்னாள். கல்யாணம் என்ன காய்ச்சல் மாத்திரையா? கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டியது. நான்தான் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

"சினைப்பைல கட்டின்னு ஸ்கேன்ல எழுதியிருக்கு. அறுக்கணுமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"அறுக்குற கட்டி இல்லம்மா. மாசாமாசம் ஒரு முட்டை வளர்ந்து வெளிய வரணும். உங்களுக்குப் பாதியில நின்னுடுது. அதுதான் கட்டி மாதிரி தெரியுது. எல்லாப் பொம்பளைங்க உடம்புலயும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் இருக்கும், உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். முடி வர்றது அதனாலதான். நீங்க பண்ணின தப்பு எதுவும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அக்கா அழுதுவிட்டாள்.

"முழுசாப் போயிடுமா டாக்டர்?"

"போகாது. ஆனா கட்டுக்குள்ள வச்சுக்கலாம். தினம் நடங்க, இனிப்பைக் குறைங்க, மாத்திரையை நடுவுல விட்டுடாதீங்க. மாசக்கணக்கா தீட்டு வராம விட்டா கர்ப்பப்பைக்கு நல்லதில்ல. முடி குறைய ஆறு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் வேணும்னா சவரம் பண்ணிக்கோங்க, அதனால அடர்த்தியா வளராது. பொறுமை வேணும்."

பொறுமை அக்காவிடம் இருந்தது, மற்றவர்களிடம்தான் இல்லை.

மருந்து ஆரம்பித்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நகப்பூச்சு மினுக்கிக்கொண்டு ஒருத்தி திரைக்குள் போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"உள்ள ஆம்பளைய நிக்க வச்சிருக்கீங்க."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார், அவளிடம் குழைந்தார், மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"நீயும் பொம்பளைதானே, அவளை உள்ள கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. மேல இருந்து கேட்டா நான் பதில் சொல்லணும்ல."

"எதைப் பாக்கணும் சார்?"

அதற்கு அவர் கையால் காற்றில் ஏதோ காட்டினார்.

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க சார்."

துணித்திரைதானே, எல்லாம் உள்ளே கேட்டிருக்கும். அக்கா வெளியே வரவில்லை. "அடுத்தவங்க வாங்கம்மா" என்று மட்டும் குரல் வந்தது. யாரும் போகவில்லை.

மறுநாள் அவளை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கம்பில் கட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்க்கிற வேலை. மூன்று தளம், நாள் முழுக்க நடை. "டாக்டர் நடக்கச் சொன்னாங்க, சார் சம்பளம் குடுத்து நடக்க வைக்கிறாரு" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவளே சொன்னாள், "ஆனா எனக்கு அந்தக் கூண்டு வேணும்டி. இங்கயே இருந்துட்டா அன்னிக்கு அந்தப் பொம்பளை சொன்னது நெசம்னு ஆயிடும்."

மாத்திரையை அவள் ஒரு நாளும் விடவில்லை. பிறந்தநாள் கேக்கில் பிட்டுக் கொடுத்தால் வாசனை பார்த்துவிட்டு என் வாயில் திணிப்பாள். மெல்ல மெல்ல மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது. முடி மெலிந்தது, ஆனால் போகவில்லை. சூப்பர்வைசர் மட்டும், தான் இடம் மாற்றியதால்தான் அவள் உடம்பு தேறியது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். ஆடு நனைகிறது என்று அழுத ஓநாய்க்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கும்.

கூண்டுக்குப் புதிதாக வந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். தள்ளுபடி விற்பனை நேரம், பெண்கள் வரிசை தெரு வரை நீண்டது. வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டார். கையில் ஒரு முகக்கவசத்தைக் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு நில்லு."

அக்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூண்டுக்குள் போனாள். அன்று சவரமும் செய்திருக்கவில்லை.

முதலில் போன பெண் திரையை விலக்கிய கையோடு நின்றுவிட்டாள். அவள் கண் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

"ஆமாம்மா, முடிதான். ஹார்மோன் கோளாறு, மருந்து சாப்பிடறேன். நான் பொம்பளைதான். கையைத் தூக்குங்க."

அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

அவள் போனதும் சூப்பர்வைசர் திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"வர்றவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லணுமா? அசிங்கமா இருக்கு."

"ஒருத்தியை விட்டு என்னை அவுத்துப் பாக்கச் சொன்னீங்களே சார், அப்ப உங்களுக்கு அசிங்கமா இல்லையா?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. ஆனால் துணித்திரைதானே, வரிசைக்கே கேட்டது. அத்தனை பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் போகும் வரை பார்த்தார்கள்.